புதுக் கார் ஏன் அழுதது?

ஞாயிற்றுக்கிழமை காலை. சூரியன் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் பழைய மரக்கிடங்கின் வாசலில் நாற்பது கார்கள் வரிசை கட்டிவிட்டன. எல்லாம் புத்தம் புதியவை. சிலவற்றில் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. இத்தனை கார்களும் எதற்கு வந்திருக்கின்றன? எண்ணெய் மாற்றவா? இல்லை. காற்றடிக்கவா? அதுவும் இல்லை. அழுவதற்காக வந்திருக்கின்றன!

சிரிக்காதீர்கள். பிரேக்கை மிதித்தால் ‘கீ...ச்’ என்று கேட்கிறதே, அது சத்தம் இல்லையாம், அழுகையாம். உங்கள் காரைப் பார்த்து யாரோ வயிறு எரிந்திருக்கிறார்கள். அந்த எரிச்சல் நேராகப் போய்ச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாயில்லாத வண்டி வேறு எப்படிச் சொல்லும்? இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் ஓசை ஐயா. அந்த அழுகையை மொழிபெயர்க்கத் தெரிந்த ஒரே மனிதரும் அவர்தான். எவ்வளவு வசதி, பாருங்கள்!

ஓசை ஐயா சாம்பல் நிறத்தில் முழங்கால் வரை தொங்கும் அங்கி போட்டிருப்பார். கழுத்தில் டாக்டர்கள் மாட்டுகிற ஸ்டெதஸ்கோப். ஒவ்வொரு காரின் சக்கரத்திலும் அதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். ‘ம்... ம்... அப்படியா? அடடா!’ என்பார். சக்கரம் என்ன சொன்னதோ அதைப் பிறகு மைக்கில் சொல்வார். கூட்டம் வாயைப் பிளக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வந்தவர்களில் யாருக்கும் வருத்தமே இல்லை. எல்லார் முகத்திலும் பெருமை வழிந்தது. கார் அழுதால் யாரோ பொறாமைப்படுகிறார்கள் என்று அர்த்தம். யாரோ பொறாமைப்பட்டால் நாம் பெரிய ஆள் என்று அர்த்தம். அப்புறம் கேட்க வேண்டுமா?

“என் வண்டி அழுதா தெருமுனை வரைக்கும் கேக்கும்!”

“தெருமுனைதானா? எங்க வண்டி கத்துன கத்துல பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்துலேர்ந்து எழுந்துடுச்சு!”

இந்தப் போட்டிக்கு நடுவில் ஒரே ஒருவர் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் ஒரு பல் டாக்டர். கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு கீச்சு? ஒரு முனகல்? ஊகூம்! பிரேக்கை மிதித்தால் பூனை மாதிரி சத்தமே இல்லாமல் நிற்கிறது. மனைவி முகத்தில் அவரால் முழிக்க முடியவில்லை.

“ஐயா, என் வண்டியைப் பாத்து யாருக்குமே வயிறு எரியலையா?” என்று கேட்டார்.

ஓசை ஐயா அவர் தோளைத் தட்டினார். “கவலைப்படாதீங்க டாக்டர். உங்க கார் துக்கத்தை உள்ளேயே அடக்கி வச்சிருக்கு. இந்தாங்க, காப்புத் தண்ணி. சாயங்காலம் நாலு சக்கரத்துலயும் தெளிங்க. அடக்கி வச்சதெல்லாம் வெளியில வந்துடும்.” டாக்டர் அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அடுத்தது நம்ம ஆள்.

நம்ம ஆள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே பார்வை கொடுக்கிறவர். அவருக்கு மட்டும் எதிரில் இருப்பது தெரியாது. கார் வாங்கிப் பத்து நாள். இரண்டாம் நாளே அது கீச்சிட்டது. அவருடைய அக்கா பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் வேலை செய்கிறாள். இருபது வருடமாகப் பேருந்துச் சக்கரங்களோடுதான் அவள் குடித்தனம். அவரோடு ஒரே வீட்டில், மாடி அறையில் இருக்கிறாள். அவள் அன்றைக்கே சொன்னாள்: “சக்கரத்தோட சுத்தற டிஸ்க்கும் புதுசு, அதைக் கவ்விப் பிடிக்கிற பேடும் புதுசு. ரெண்டும் இன்னும் பழகலடா. ஆளில்லாத ரோட்டுல பத்து தடவை நல்லா அழுத்திப் பிரேக் போடு. அப்புறமும் கத்துனா மெக்கானிக்கிட்ட காட்டு.”

இவ்வளவு சுலபமான பதிலை யாராவது நம்புவார்களா? கண்ணாடிக்காரருக்கு அது மனசுக்குப் பிடிக்கவில்லை. காசு கேட்காமல் சொன்னாளே, அதுதான் கோளாறு. மனைவி வேறு, “எல்லாரும் போறாங்க, நீங்களும் போய்த்தான் பாருங்களேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். புறப்பட்டு வந்துவிட்டார்.

ஓசை ஐயா சக்கரத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நெடுநேரம் கேட்டார். கண்ணைத் திறந்தபோது முகம் கறுத்திருந்தது.

“உங்க கூடவே இருக்கறவங்க...”

“யாருங்க ஐயா?”

“ஒரே கூரைக்குக் கீழ... பொம்பள...”

“என் பொண்டாட்டியா?”

“சே, சே! ரத்த சம்பந்தம்...”

“அக்காவா?”

“நான் சொல்லல. உங்க வாயாலேயே வந்துடுச்சு பாருங்க!” என்றார் ஓசை ஐயா. கூட்டம் ‘ஆ!’ என்றது. கேள்வியும் பதிலும் கண்ணாடிக்காரரே சொல்லிவிட்டார், ஐயா நடுவில் புள்ளி மட்டும்தான் வைத்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

“கார் வந்த அன்னைக்கு அவங்க அதையே பாத்துக்கிட்டு நின்னாங்களா?”

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நின்றாள்தான்! வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. புதுக் கார் வந்தால் வீட்டில் இருப்பவர்கள் பார்க்காமல் சுவரையா பார்ப்பார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு வைத்தியம். கிடங்கு மைதானத்தில் ஏழு கொடிகள் வட்டமாக நடப்பட்டிருந்தன. கார் ஒவ்வொரு கொடியிலும் போய் நிற்க வேண்டும். “சும்மா நிறுத்தக் கூடாது! வேகமா வந்து அழுத்தி மிதிக்கணும்! பொறாமை நசுங்கணும்!” என்று மைக் அலறியது. கூடவே ஐயாவின் மந்திரம்: “விலகு, விலகு, வயித்தெரிச்சலே விலகு!” முதல் கொடியில் கார் காது கிழியக் கத்தியது. மூன்றாவதில் குரல் கம்மியது. ஐந்தாவதில் முனகியது. ஏழாவதில் சத்தமே இல்லை. கைதட்டல் வானைப் பிளந்தது. கண்ணாடிக்காரர் காரை விட்டு இறங்கி அழுதார்.

ஓசை ஐயா காணிக்கையை வாங்கிக்கொண்டு காப்புத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “தினம் சாயங்காலம் தெளிங்க. ஆனா ஒண்ணு. அவங்க அந்தக் கூரையை விட்டு நகர்ற வரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும். வந்தா நீங்களும் திரும்ப வாங்க.”

சாயங்காலம் தெளித்தார். மறுநாள் காலை கடைக்குக் கிளம்பினார். கீ...ச்! ஐயா வாக்கு அப்படியே பலித்துவிட்டது! செவ்வாய்க்கிழமையும் தெளித்தார், புதன்கிழமையும் கத்தியது. பாட்டில் காலியாகக் காலியாக நம்பிக்கை நிரம்பியது.

வியாழக்கிழமை காலை அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் மாடிப்படியில் நின்று தொண்டையைக் கனைத்தார். ஒரு படி ஏறினார். இரண்டு படி இறங்கினார்.

“என்னடா, சளியா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா... வந்து... உன் பணிமனைக் குடியிருப்புல ரூம் காலியா இருக்குன்னு சொன்னியே...”

“ஆமா, யாருக்கு வேணும்?”

அவர் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஓசை ஐயா, கூரை, பொறாமை எல்லாம் அரைகுறையாக அவர் வாயிலிருந்து உதிர்ந்து முடியும்வரை அவள் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

“உனக்கு பிரேக் மிதிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்டா” என்று மட்டும் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை போயிடறேன்.”

அவள் போனதும் மனைவி சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். “என்ன மனுஷன்யா நீங்க! சத்தத்தை நிறுத்தச் சொன்னா, வீட்டையே ரெண்டாக்கிட்டு வர்றீங்க! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப லீவு போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தது உங்க கார் இல்ல, அக்காதான்!”

“நீதானே போகச் சொன்னே?”

“புத்திய வீட்டுல வச்சுட்டுப் போகச் சொன்னேனா?”

கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா இல்லாத வீட்டை நினைத்துக்கொண்டே தட்டை நகர்த்தி வைத்தார். ஆனாலும் சாயங்காலம் ஆனதும் மறக்காமல் தண்ணீர் தெளித்தார். பழக்கம் அப்படி!

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. அக்கா துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா வைக்கிற துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் எந்தப் பக்கம் சேருவதென்று தெரியாமல் நடுவில் நின்றார். அப்போது அழைப்பு மணி கணகணவென்று அடித்தது. பல் டாக்டர்! கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி. முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

“சார்! கத்திடுச்சு சார்! என் கார் கத்திடுச்சு!” டாக்டர் குதித்தார். “ரெண்டு மாசமா ஊமையா கிடந்தது. நல்ல நாள் பாத்து நேத்து சாயங்காலம்தான் ஐயா குடுத்த தண்ணியத் தெளிச்சேன். இன்னைக்குக் காலையில கீச்சுனு ஒரு சத்தம் பாருங்க, என் சம்சாரம் ஆனந்தக் கண்ணீர் விட்டுட்டா! எடுத்துக்குங்க, மிட்டாய் எடுத்துக்குங்க!”

அக்காவின் கை நின்றது. “டாக்டர், தண்ணி தெளிக்கிறதுக்கு முந்தி கத்தவே இல்லையா?”

“ஒரு நாள்கூட இல்லம்மா!”

“தெளிச்ச மறுநாள் கத்துச்சா?”

“காலையில முதல் தடவை பிரேக் போட்டப்பவே!”

அக்கா எழுந்து ஜன்னலோரம் இருந்த பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணாடிக்காரர் அலறினார். “அக்கா! அது காப்புத் தண்ணி!” அக்கா அவரைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மடித்த துணிகள்மேலேயே விழுந்து சிரித்தாள். மூன்று நாளாகச் சிரிக்காத சிரிப்பு.

“என்னக்கா? என்ன ஆச்சு?”

“சொன்னா நீ கேக்க மாட்ட. உனக்குக் கண்ணால காட்டணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கு நானும் வர்றேன். இந்தப் பொறாமை புடிச்ச மூஞ்சிய உங்க ஐயா நேர்லயே பாக்கட்டும். டாக்டர், நீங்களும் உங்க காரைக் கொண்டு வாங்க. ரெண்டு பேரும் இன்னைக்கும் தண்ணி தெளிக்க மறந்துடாதீங்க!”

ஞாயிற்றுக்கிழமை. மரக்கிடங்கில் போன வாரத்தைவிடக் கூட்டம். கண்ணாடிக்காரர் காரிலிருந்து அக்கா இறங்கினாள், எண்ணெய்க் கறை படிந்த பணிமனைச் சட்டையோடு. அவளைப் பார்த்ததும் ஓசை ஐயா இரண்டடி பின்வாங்கி மைக்கைப் பிடித்தார்.

“அன்பர்களே! இதோ, பொறாமையே நேர்ல வந்திருக்கு! இந்த அம்மா மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டா அந்தக் கார் வானம் வரைக்கும் கத்தும்!”

“அப்படியா?” என்றாள் அக்கா. “அப்போ தொட்டுப் பாத்துடுவோமே!”

ஓசை ஐயா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மைக்கில் சொன்னதை மறுபடி விழுங்க முடியுமா? கூட்டத்துக்கோ வேடிக்கை வேண்டும். “ஓட்டட்டும்! ஓட்டட்டும்!” என்று விசில் பறந்தது.

அக்கா கையை உயர்த்தினாள். “இருங்க, சும்மா ஓட்டினா மஜா இல்ல. ரெண்டு கார் இருக்கு. ரெண்டும் தண்ணி தெளிச்ச கார், ரெண்டும் காலையில கத்துன கார். டாக்டர் காருக்கு ஐயா மந்திரம் சொல்லட்டும். நூறு தடவை வேணும்னாலும் சொல்லட்டும். ஆனா கார் நின்ன இடத்துலயே நிக்கணும், கொடி சுத்தக் கூடாது. என் தம்பி கார்ல நான் கொடி சுத்தறேன். அதுக்கு ஐயா வாயே திறக்கக் கூடாது. எந்தக் கார் அழுகையை நிறுத்துதுன்னு பாப்போம்.”

“கார் சுத்தினாத்தானே மந்திரம் ஏறும்...” என்று ஐயா இழுத்தார்.

“அப்போ மந்திரம் இல்லாம சுத்தினா என்ன ஆகும்னு தெரிஞ்சுடுமே. பயமா இருக்கா ஐயா?”

“பயமா! எனக்கா!” என்றார் ஐயா. வியர்வையை அங்கியால் துடைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் டாக்டர் காரைச் சுற்றி மந்திரத்தை ஆரம்பித்தார். விலகு, விலகு என்று தொண்டை வறளக் கத்தினார். சக்கரத்தைத் தடவினார். பானெட்டின் மேல் ஊதினார். டாக்டர் கண்ணை மூடிக் கைகட்டி நின்றார்.

அக்கா தம்பியின் காரில் ஏறினாள். ஜன்னலை இறக்கிவிட்டாள். “மந்திரம் இல்லாம ஓட்டினா உங்களுக்கும் நல்லா இருக்காது. என் மந்திரத்தைக் கேளுங்க!” என்று கூவிக்கொண்டே முதல் கொடிக்குப் பாய்ந்தாள்.

“நட்டு!” கீ...ச்!

“போல்ட்டு!” கீ...ச்!

“வாஷரு!” கீச்.

நாலாவது கொடிக்குள் கூட்டம் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டது. “ஸ்பிரிங்கு!” முனகல். “ஸ்பானரு!” லேசான உரசல். “கிரீஸு!” ஒன்றுமில்லை. ஏழாவது கொடியில் அக்கா தன் முழு எடையையும் காலில் கொடுத்து மிதித்தாள். கார் பொசுக்கென்று நின்றது. மைதானமே காதைத் தீட்டிக் கேட்டது. ஒரு சத்தமும் இல்லை. பொறாமைக்காரியே ஓட்டியும் கார் வாயைத் திறக்கவில்லை!

இப்போது டாக்டர் முறை. காரை முதல் கொடிக்கு ஓட்டிப் பிரேக்கை மிதித்தார். கீ......ச்! ஐயாவின் அத்தனை மந்திரமும் சக்கரத்துக்கடியில் போயிற்று.

அக்கா காரிலிருந்து பாட்டிலோடு இறங்கினாள். “ஐயா, தொண்டை வறண்டு போச்சு பாவம். உங்க தண்ணிதான், ஒரு மடக்கு குடிங்க.”

“அது... அது சக்கரத்துக்கு மட்டும்தான்...”

“ஏன், நாக்குக்கு ஆகாதா?” அவள் பாட்டிலைக் கூட்டத்திடம் நீட்டினாள். முன்வரிசையில் நின்ற ஒருவர் குடித்துப் பார்த்துத் தூவென்று துப்பினார். “உப்பு! கரிக்குது!”

“உப்புத் தண்ணிதான்!” என்றாள் அக்கா. “டிஸ்க்கு இரும்பு. உப்புத் தண்ணி பட்டா விடியறதுக்குள்ள மெல்லிசா துரு படரும். காலையில அதுல பேடு உரசும், கத்தும். ஏழு தடவை அழுத்தி மிதிச்சா துரு தேஞ்சு போயிடும், சத்தம் நின்னுடும். சத்தத்தை வர வைக்கிறதும் இவரு, நிறுத்துறதும் இவரு! நடுவுல என்னைப் பொறாமைக்காரி ஆக்கினதும் இவருதான்!”

கூட்டத்தில் அத்தனை மூளைகளும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. “என் மாமியாரை ஊருக்கு அனுப்பிட்டேனே!” என்றார் ஒருவர். “நான் என் பங்காளிகிட்ட பேசறதையே விட்டுட்டேன்யா!” என்றார் இன்னொருவர். பல் டாக்டர் மட்டும் வேறு கவலையில் இருந்தார். “அப்போ என் மேல நிஜமாவே யாருக்கும் பொறாமை இல்லையா?”

“உங்ககிட்ட வர்றவங்களுக்குப் பல் வலியே போதும் டாக்டர்” என்றாள் அக்கா.

இந்த அமளியில் ஓசை ஐயா மெல்ல நழுவினார். கிடங்குக்குப் பின்னால் நிறுத்தியிருந்த அவருடைய சொந்தக் காருக்குள் பாய்ந்தார். அந்தக் கார் முந்தின நாளிலிருந்து வெட்டவெளியில் நின்றிருந்தது; பனி அதற்குத் தாராளமாகவே காப்புத் தண்ணீர் தெளித்திருந்தது. சீறிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். மிதித்தார் பிரேக்கை.

கீ.........ச்!

அப்படி ஒரு அழுகையை அந்த மைதானம் அதுவரை கேட்டதில்லை. கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிலர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். “ஐயா! உங்க மேல யாருக்கு இவ்வளவு பொறாமை?” என்று டாக்டர் கத்தினார். ஓசை ஐயா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே குனிந்துகொண்டார். அன்று வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவரால் வெளியே வர முடிந்தது.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அவர் அக்கா பக்கத்தில் குறுகிப் போய் உட்கார்ந்திருந்தார். அவள்தான் ஓட்டினாள்.

“அக்கா... கார் வந்த அன்னைக்கு ஏன் அப்படிப் பாத்துக்கிட்டே நின்னே?”

“காரையாடா பாத்தேன்? அதுக்குள்ள உக்காந்திருந்த உன்னைப் பாத்தேன். தம்பி பெரிய மனுஷன் ஆயிட்டான்னு பாத்தேன்.” ஒரு திருப்பத்தில் பிரேக்கை மிதித்தாள். சத்தமே இல்லை. “ஆளத்தான் தப்பா எடை போட்டுட்டேன்.”

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “மன்னிச்சுடுக்கா. நான் ஒரு முட்டாள்” என்றார்.

“அது தெரிஞ்ச விஷயம்தான். பெட்டியைத் தூக்கி மேல வை, போதும்.”

வைத்தார். இரண்டு பெட்டியையும் தானே சுமந்து, மூச்சு வாங்க மாடி ஏறினார். மனைவி கீழே நின்று கைதட்டினாள். இறங்கி வந்தவரிடம் அக்கா ஓசை ஐயாவின் காலி பாட்டிலைக் கொடுத்தாள்.

“இதைக் கடையில கண்ணாடி துடைக்கிற மேஜை மேல வச்சுக்க. இன்னொண்ணும் கேட்டுக்க. கார் நாலு நாள் ஓடாம நின்னா டிஸ்க்குல துரு ஏறும், மிதிச்சா கத்தும். அதாவது பரவாயில்ல, துரு ஏறினா தானே கத்திச் சொல்லிடுது. மூளையை நாலு வருஷம் ஓட்டாம நிறுத்தி வச்சாலும் ஒரு கீச்சு சத்தம்கூட வராதுடா. அதனால அதை நாமதான் தினமும் எடுத்து ஓட்டிப் பாக்கணும்!”